தீவுகளுக்கு ஏற்ற வீட்டு ஆய்வுப் பெட்டி

(ஸ்ரீ விஜயபுரத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் படித்து, அரசுக் கணக்குகளோடு காலம் கழித்தவன் நான். அறிவியல் ஆசிரியர்கள் நிறைந்த இந்த அவையில் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி மிகக் குறைவு. ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட பொருளில் அறிவியலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு பொருளாதாரத்திற்கும், கணக்குப் பதிவேட்டிற்கும் உண்டு என்று கருதுவதால் துணிந்து பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தீவுகளுக்கிடையே செல்லும் கப்பல் ஒன்றில் கமோர்ட்டாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். உடன் பயணம் செய்தவர்களில் ஒரு மாணவியும் அவள் தந்தையும் இருந்தார்கள். 2020 ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது அம்மாணவி கைப்பேசி வாயிலாக மேல்நிலை வகுப்புப் பாடம் கேட்டவள். வேதியியலில் பருமனறி பகுப்பாய்வு பற்றிப் பேச்சு வந்தது. பாடத்தை அவள் நன்றாகவே சொன்னாள். சமன்பாட்டைத் தவறின்றி எழுதிக் காட்டினாள். பிறகு சற்றுத் தயங்கி, “நிறம் எதுவாக மாறும் என்று தெரியும், ஐயா. எந்தத் துளியில் மாறும் என்பதுதான் தெரியாது” என்றாள்.

அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. அறிவியல் என்பது அந்த ஒரு துளியில்தான் இருக்கிறது. அத்துளியைக் காணாதவர் அறிவியலைப் பற்றிப் படித்தவர் ஆவாரேயன்றி, அறிவியலைப் படித்தவர் ஆகமாட்டார்.

கம்பி வந்தது, கருவி வரவில்லை

இந்த ஒன்றியப் பகுதியின் இயல்பை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தீவுகள், குறுந்தீவுகள், பாறைத் திட்டுகள் என மொத்தம் 836. அவற்றுள் மக்கள் நிலையாக வாழ்வன 31. பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3,80,581, எழுத்தறிவு 86.63 விழுக்காடு. வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 7 பாகை அட்ச ரேகை, அதாவது 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. இந்தத் தொலைவுக்கு நடுவே இருப்பது சாலையன்று, கடல்.

இக்கடலின் அடியில் கம்பி போடும் பணிக்கு 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையிலான ஒளியிழைக் கம்பி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கம்பி, அப்போது போர்ட் பிளேர் என்று வழங்கிய இந்நகரையும், சுவராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய ஏழு இடங்களையும் சென்னையுடன் இணைக்கிறது. செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதுவரை செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்த தீவுகளுக்கு இது மாபெரும் மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கம்பி வழியாகச் சொல் வரும், படம் வரும், ஆசிரியரின் முகமும் வரும். வெப்பமானி வராது. ஆடி வராது. அமிலத்தின் நெடி வராது. மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய ஒவ்வொரு பாடத்திலும் 100 க்கு 30 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. இணையம் ஏற்றுவது மற்ற 70 ஐ மட்டுமே. இந்த 30 ஐ எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதே இன்றைய கேள்வி.

இக்கேள்விக்குத் தொலைநிலைக் கல்வி நிறுவனங்கள் வழக்கமாகத் தரும் விடை ஒன்று உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 இல் தோன்றியது. அதன் இளநிலை அறிவியல் படிப்பில் பாடத்தை வீட்டிலிருந்து படிக்கலாம். செய்முறைக்குக் கற்றல் மையத்திற்கு நேரில் வந்து குறிப்பிட்ட நாட்கள் தங்கிப் பயில வேண்டும். பெருநிலத்தில் இது நியாயமான ஏற்பாடே. திருச்சிராப்பள்ளியில் மையம் இருந்தால் லால்குடி மாணவர் பேருந்தில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். காம்ப்பெல் விரிகுடாவில் இருக்கும் மாணவருக்கு அப்படியன்று. கப்பல் கிடைக்க வேண்டும். கடல் அமைதியாக இருக்க வேண்டும். தலைநகரில் தங்க இடம் வேண்டும். அந்நாட்களில் அவர் ஈட்டியிருக்கக்கூடிய கூலியையும் இழக்க வேண்டும். பெண்பிள்ளை என்றால் துணைக்கு ஒருவரும் வரவேண்டும். ஆகவே “மையத்திற்கு வாருங்கள்” என்ற விடை, பலருக்கு “அறிவியல் உங்களுக்கு வேண்டாம்” என்ற விடையாகவே முடிந்துவிடுகிறது.

மாணவர் ஆய்வுக்கூடத்திற்கு வர இயலாவிட்டால் ஆய்வுக்கூடம் மாணவரிடம் செல்லட்டும் என்பதே வீட்டு ஆய்வுப் பெட்டியின் அடிப்படைக் கருத்து.

பிறர் செய்து காட்டியவை

இக்கருத்து புதிதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எண்ணற்ற பள்ளிகள் இடிந்து கிடந்தன. ஆய்வுக்கூடம் கட்டப் பணமில்லை. பிள்ளைகளோ காத்திருக்க இயலாது. கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அறிவியல் கற்பிக்கும் வழிகளை ஒரு சிறு நூலாக யுனெஸ்கோ வெளியிட்டது. அந்நூல் வளர்ந்து, 1956 இல் அறிவியல் ஆசிரியர்களுக்கான பெருந்தொகுப்பாக வெளிவந்து உலகெங்கும் பரவியது. 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலையில் கார் நிக்கோபாரின் கடலோரக் கிராமங்கள் அழிந்ததைக் கண்டவர்களுக்கு அந்நூலின் தேவையை விளக்க வேண்டியதில்லை. கட்டடம் இல்லாத போதும் கல்வி நிற்கக்கூடாது என்பதே அதன் செய்தி.

பிரிட்டனில் 1969 இல் நிறுவப்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1971 ஜனவரியில் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. அறிவியல் அடிப்படைப் படிப்பில் சேர்ந்தவர்களின் வீடுகளுக்கு அது சோதனைப் பெட்டிகளை அனுப்பியது. அவற்றில் இருந்த மக்கார்த்தர் நுண்ணோக்கி, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கருவி. மாணவர்கள் சமையலறை மேசையில் சோதனை செய்தனர். ஆண்டு முடிவில் பெட்டியைத் திருப்பி அனுப்பினர். குறைகள் சரிசெய்யப்பட்டு அது அடுத்த மாணவருக்குச் சென்றது. பெட்டி மாணவரின் உடைமையன்று, சுற்றிவரும் நூலகப் புத்தகம் போன்றது என்ற இந்த ஏற்பாடு நம் கவனத்திற்கு உரியது. அதே பல்கலைக்கழகம் கோடை முகாமையும் நடத்தியது. பெட்டி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று அவர்கள் கருதவில்லை.

நமது நாட்டிலும் பெருமைப்படத்தக்க முயற்சிகள் நடந்துள்ளன. 1972 இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, பிரண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு அமைப்புகளும் 16 நடுநிலைப் பள்ளிகளில் சோதனை வழி அறிவியல் கற்பிக்கத் தொடங்கின. 1978 இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982 இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் அப்பணியை மேற்கொண்டது. அங்குப் பிள்ளைகள் சோதனை செய்தே விதிகளைக் கண்டனர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறையும் தேர்வின் பகுதியாயிருந்தது. மிதிவண்டியின் வால்வுக் குழாயும் தீக்குச்சியும் கொண்டு வடிவியல் உருவங்கள் செய்யும் அரவிந்த் குப்தாவின் முறை அங்குதான் உருப்பெற்றது. 30 ஆண்டுகள் நடந்த அத்திட்டம் 2002 இல் அரசு முடிவால் நிறுத்தப்பட்டது. ஆசிரியர் ஆர்வமும் பிள்ளைகளின் மகிழ்ச்சியும் மட்டும் ஒரு திட்டத்தை நிலைநிறுத்திவிடமாட்டா, நிருவாகத்தின் துணையும் வேண்டும் என்ற பாடத்தை அது விட்டுச் சென்றது.

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, தொடக்கநிலை முதல் மேல்நிலை வரைக்குமான அறிவியல் கருவிப் பெட்டிகளை வடிவமைத்துள்ளது. புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம், ‘ஃபீனிக்ஸ்’ திட்டத்தின் கீழ் ‘எக்ஸ்பைஸ்’ என்னும் சிறு கருவியை உருவாக்கியது. சட்டைப் பையில் அடங்கும் அதனைக் கணினியுடன் இணைத்தால் மின்னழுத்தம், காலம், அலைவடிவம் ஆகியவற்றை அளக்கலாம். அதன் வரைபடங்கள் வெளிப்படையானவை, யாரும் செய்துகொள்ளலாம். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016 இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்னும் செயலி இலவசமானது. கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள உணரிகளையே அது அளவுகருவியாக்கிவிடுகிறது. அண்மையில் தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8 ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களுடன் கருத்தாளர்களை அனுப்புகிறது.

ஆகவே நாம் வெறும் தரையிலிருந்து தொடங்கவில்லை. பிறர் கண்ட வழிகளை இத்தீவுகளின் மழைக்கும் உப்புக் காற்றுக்கும் கப்பல் அட்டவணைக்கும் பொருத்துவதே நம் முன்னுள்ள வேலை.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

இங்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இரும்பு துருப்பிடிக்கும், ஆடிகளில் பூசணம் படரும், உலர் மின்கலம் கசியும். பெருநிலத்துத் தொழிற்சாலையில் செய்த பெட்டியை அப்படியே இறக்கினால் ஒரு மழைக்காலத்திற்குப் பிறகு அதில் துருவைத் தவிர வேறு எதையும் காணமுடியாது. எனவே இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, ஈரம் உறிஞ்சும் மணிகள், பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடிக்குப் பதில் இயன்ற இடத்தில் பிளாஸ்டிக், தனியே கழற்றி வைக்கும் மின்கலம் ஆகியவை முதல் தேவை. எரிசாராயம், அடர் அமிலம் போன்றவற்றைப் பெட்டியில் வைக்கவே கூடாது. கப்பலிலும் வானூர்தியிலும் அவற்றை அனுப்புவது கடினம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இரண்டாவதாக, உள்ளூரில் கிடைப்பதைப் பெட்டியில் அடைத்து அனுப்புவது வீண் செலவு. பெட்டி தரவேண்டியது அளவு. பொருளைத் தரவேண்டியது வீடும் சுற்றுப்புறமும். நல்ல அளவுகோல், சிறு தராசு, வெப்பமானி, அளவு குறித்த பீச்சுக்குழல், துளிக்குழாய், கைக்கு அடக்கமான நுண்ணோக்கி, எளிய மின் அளவி, காந்தம், ஆடி, கண்ணைக் காக்கும் கண்ணாடி இவை பெட்டியில் இருந்தால் போதும். மஞ்சளும் செம்பருத்தியும் சுண்ணாம்பும் தேங்காய்ச் சிரட்டையும் இத்தீவுகளில் இல்லாத வீடு அரிது.

சில எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறேன். நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஒரு சாதாரண மனிதனுக்கும் இவை புரிகின்றன என்பதைக் காட்டவே கூறுகிறேன்.

ஒரு மீட்டர் நூலில் ஒரு திருகாணியைக் கட்டி ஆட்டினால் ஒரு முழு ஊசலுக்கு ஏறக்குறைய 2 விநாடி ஆகும். 100 ஊசல்களின் நேரத்தைக் குறித்தால் புவியீர்ப்பு முடுக்கத்தை வீட்டுத் திண்ணையிலேயே ஒரு விழுக்காட்டுப் பிழைக்குள் கணக்கிடலாம்.

உறிஞ்சுகுழல் ஒன்றின் அடியில் களிமண் வைத்து அடைத்து, கிணற்று நீரிலும் கடல் நீரிலும் மாறி மாறி மிதக்கவிட வேண்டும். கடல் நீரின் அடர்த்தி சுமார் 2.5 விழுக்காடு மிகுதி. நன்னீரில் 10 சென்டிமீட்டர் அமிழ்ந்த குழல், கடல் நீரில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். கப்பல்களின் பக்கத்தில் தீட்டியுள்ள சுமைக்கோடுகள் நன்னீருக்கும் கடல் நீருக்கும் வெவ்வேறாக இருப்பதன் காரணத்தை அப்பிள்ளை அதன்பின் மறக்காது.

இத்தீவுகளுக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. முற்றத்தில் நேராக ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தில் 12 மணி ஆகியிராது, 11.20 ஐ ஒட்டி இருக்கும். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்க ரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, இந்நகரமோ 92.7 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிடம். ஏப்ரல் மூன்றாம் வாரத்தின் இறுதியிலும் ஆகஸ்டு 22 ஐ ஒட்டியும் இங்கு உச்சிவேளையில் குச்சியின் நிழலே மறைந்துவிடும். தெற்கே காம்ப்பெல் விரிகுடாவில் அது ஏப்ரல் இரண்டாம் வாரத் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நிகழும். இரு தீவுகளின் மாணவர்கள் ஒரே நாளில் நிழலை அளந்து, கம்பி வழியாக அளவுகளைப் பரிமாறிக்கொண்டால், பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிடலாம். பெருநிலத்துப் பள்ளி ஒன்று தன் மாவட்டத்துக்குள் இதைச் செய்வது அரிது. 700 கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடப்பதை நாம் குறையென்று எண்ணுகிறோம். இச்சோதனையில் அதுவே நம் கருவியாகிறது.

பெட்டியுடன் செல்லும் கையேடும் இத்தீவுகளை அறிந்து எழுதப்பட வேண்டும். மின்னாற்பகுப்புச் சோதனையை எடுத்துக்கொள்வோம். உப்பு நீரில் பென்சில் கரிகளை வைத்து மின்சாரம் செலுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். வாசலிலேயே கடல் நீர் இருக்கும் பிள்ளை அதைத்தான் முதலில் மொண்டு வருவான். சலவைச் சோடாக் கரைசலையே பயன்படுத்த வேண்டும் என்று முதல் வரியிலேயே அச்சிட வேண்டும். அமிலத்தில் சுண்ணாம்புப் பொருள் கரைவதைக் காட்டப் பவளத்தையோ சங்கையோ எடுக்கச் சொல்லக்கூடாது. பவளமும் பல சங்கு வகைகளும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. முட்டை ஓடு போதும். அலையேற்றத்தை அளக்கச் செல்பவர்கள் பெரியவர் துணையின்றிக் கழிமுகப் பக்கம் போகக்கூடாது. அங்கு முதலைகள் உண்டு. தில்லியிலோ சென்னையிலோ எழுதப்படும் கையேட்டில் இவ்வரிகள் இருக்கமாட்டா. எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

உடையாத கருவி

இனி என் துறைக்கு வருகிறேன். இங்கே என் பிழை ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பணியின் தொடக்கக் காலத்தில் கணக்குத் தணிக்கைக்காகக் கடலோரப் பள்ளி ஒன்றுக்குச் சென்றேன். இருப்புப் பதிவேட்டில் 12 வெப்பமானிகள், அலமாரியில் 7. ஐந்து உடைந்துவிட்டன என்றார் அறிவியல் ஆசிரியர். எப்போது, யாரால், என்ன நடவடிக்கை என்று கேட்டேன். அவரிடம் எழுத்து மூலமான விடை இல்லை. விதிப்படி ஆட்சேபக் குறிப்பு எழுதினேன். தொகை சிறிது, ஆனால் அது அவரது சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே பள்ளிக்கு மீண்டும் சென்றேன். பதிவேடும் அலமாரியும் அணுவளவும் பிசகாமல் ஒத்திருந்தன. ஒரு வெப்பமானிகூட உடையவில்லை. நான் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டேன். வெளியே வரும்போது அலமாரியின் பூட்டைக் கவனித்தேன். துருப்பிடித்துச் சாவி திரும்ப மறுத்த பூட்டு அது. எனக்காகவே அன்று காலை எண்ணெய் விட்டுத் திறந்திருந்தார்கள்.

நான் மாணவனாக இருந்த பள்ளியிலும் அப்படி ஓர் அலமாரி இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த கருவிகளைப் பார்த்துப் படம் வரைந்தோமே தவிர, ஒன்றையும் தொட்டதில்லை. எனக்கு மறுக்கப்பட்டதை என் பேனா முனையால் வேறு பிள்ளைகளுக்கும் மறுத்துவிட்டேன் என்பதை அன்று கப்பலில் அம்மாணவி பேசியபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

ஆகவே ஒரு கணக்கு அதிகாரியாக உறுதியாகக் கூறுகிறேன்: உடையாத கருவி, பயன்படாத கருவி. ஆய்வுப் பெட்டியில் உள்ள வெப்பமானியை மேசை நாற்காலியைப் போல நிலையான சொத்தாகக் கருதக்கூடாது. சுண்ணக்கட்டியைப் போலச் செலவாகும் பொருளாகவே கருத வேண்டும். பெட்டியின் மதிப்பில் ஒரு பகுதி, 15 அல்லது 20 விழுக்காடு, ஆண்டுதோறும் உடைதலுக்கும் தீர்தலுக்கும் என்று முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். அந்த வரம்பிற்குள் நேரும் சேதத்திற்கு ஆசிரியரின் ஒரு வரிக் குறிப்பே போதும் என்று விதி வேண்டும். மாணவரிடமோ ஆசிரியரிடமோ அதை வசூலிக்கக் கூடாது. ஓர் ஆண்டு முழுவதும் எதுவுமே உடையாமலும் தீராமலும் ஒரு பெட்டி திரும்பி வந்தால், அதைத்தான் தணிக்கையாளர் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

செலவுக் கணக்கு

“இத்தனைக்கும் பணம் எங்கே?” என்று கேட்பீர்கள். கணக்குக்காக ஒரு பெட்டியின் விலை 2,500 ரூபாய் என்று கொள்வோம். அது 5 ஆண்டு உழைக்குமானால் ஆண்டுக்கு 500 ரூபாய். உடைதல், தீர்தல் வகையில் 20 விழுக்காடு, அதாவது இன்னொரு 500 ரூபாய். கப்பல் வழி அனுப்பித் திரும்பப் பெற 300 ரூபாய். ஆக, ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 1,300 ரூபாய். இவை உண்மை விலைகள் அல்ல. கணக்கிடும் முறையைக் காட்டும் எண்கள். இதற்கு எதிரே, வெளித்தீவு மாணவர் ஒருவர் தலைநகரில் பத்து நாள் தங்கிச் செய்முறை முடிக்க ஆகும் பயணம், தங்குமிடம், உணவு, துணையாள் செலவு, இழந்த கூலி ஆகியவற்றை உங்கள் தீவின் நிலவரப்படி நீங்களே கூட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த இரண்டாவது செலவு அரசின் ஏட்டில் ஏறுவதில்லை. குடும்பத்தின் ஏட்டில் ஏறுகிறது. அதனால்தான் வீட்டுப் பெட்டி அரசுக்குப் புதிய செலவாகவும், பயண ஏற்பாடு செலவில்லாததாகவும் தோன்றுகின்றன. திட்டமிடுவோர் இரு ஏடுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செலவைக் குறைக்கும் வழிகளும் உள்ளன. பெட்டி மாணவருக்கு இரவலாகவே தரப்படலாம். அதற்கு முன்பணம் வாங்குவது ஏழைக் குடும்பங்களைத் தடுக்கும். தலைமையாசிரியரின் பொறுப்பில் வழங்குவதே ஏற்றது. கார் நிக்கோபாரில் துஹெட் என்னும் கூட்டுக் குடும்ப அமைப்பு இன்றும் மதிக்கப்படுகிறது. அங்கு மாணவருக்கு ஒன்று என்பதைவிடத் துஹெட்டுக்கு ஒன்று என்று கொடுத்து, மூத்த பிள்ளைகள் இளையோருக்குக் காட்டும்படி செய்யலாமா என்பதை அம்மக்களுடன் கலந்து முடிவு செய்யலாம். பெட்டிகளைப் பூர்த்தி செய்யும் பணியை இங்குள்ள தொழிற்பயிற்சி மாணவர்களிடமும் மகளிர் குழுக்களிடமும் ஒப்படைத்தால் செலவின் ஒரு பகுதி தீவுகளுக்குள்ளேயே தங்கும்.

பெட்டியால் ஆகாதவை

ஆர்வத்தில் எல்லை மீறிவிடக்கூடாது. அடர் அமிலங்கள், உயர் மின்னழுத்தம், உயிரினப் பகுப்பு ஆகியவை வீட்டுக்கு உரியவை அல்ல. அவற்றுக்குப் பள்ளி ஆய்வுக்கூடமும் குறுகிய கால முகாமும் வேண்டும். மெய்நிகர் ஆய்வுக்கூடங்களுக்கும் இடமுண்டு. சி-டாக் நிறுவனமும் அமிர்தா விசுவ வித்யாபீடமும் உருவாக்கிய ஓலேப்ஸ் போன்றவற்றில் 9 முதல் 12 ஆம் வகுப்பு வரைக்கான சோதனைகளைத் திரையில் பழகலாம். ஆனால் திரையில் உள்ள தராசு ஒருபோதும் தவறாக நிற்பதில்லை. மெய்யான தராசு தவறாக நிற்கும். ஏன் தவறியது என்று தேடும்போதுதான் மாணவர் அறிவியலாளராகிறார்.

எனவே மூன்று படிகள் இருக்கட்டும். அளத்தலும் நோக்கலும் வீட்டில். நெருப்பும் அமிலமும் தீவின் பள்ளியில். சிக்கலான கருவிகள் ஆண்டுக்கொரு முகாமில். வீட்டில் பாதிச் சோதனைகள் முடிந்துவிட்டால் பத்து நாள் முகாம் நான்கு நாளாகச் சுருங்கும். அந்த ஆறு நாட்களும் ஓர் ஏழை வீட்டின் ஆறு நாள் கூலி.

மதிப்பெண் பற்றிய ஐயமும் நியாயமானதே. வீட்டில் செய்த சோதனையை மாணவர்தான் செய்தார் என்பதற்கு என்ன சான்று? பிழையற்ற விடையைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அதைப் பக்கத்து வீட்டு நோட்டிலிருந்தும் எழுதலாம். மாணவரின் சொந்த அளவுகளை, அடித்தல் திருத்தல்களோடு, நாள் நேரம் குறித்துக் கேளுங்கள். “உன் மூன்றாவது அளவு ஏன் விலகி நிற்கிறது?” என்று கைப்பேசியில் இரண்டு நிமிடம் வினவுங்கள். செய்தவர் சொல்லுவார், செய்யாதவர் விழிப்பார்.

முடிவுரை

நண்பர்களே, கடலடிக் கம்பிக்கு ஆயிரம் கோடிக்கு மேல் செலவிட்ட நாடு, அதன் முனையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கையில் ஒரு வெப்பமானியைக் கொடுக்கத் தயங்காது என்று நம்புகிறேன். ஆனால் அதற்கான கோரிக்கை உங்களிடமிருந்து வரவேண்டும். எந்தச் சோதனைகள், எந்தப் பொருள்கள், என்ன விலை, எத்தனை உடையும் என்று ஒரு பள்ளியில், ஒரு வகுப்பில், ஓர் ஆண்டு செய்து பார்த்து எழுதிக் கொடுங்கள். அக்குறிப்பைப் படிக்கும் அதிகாரி, உடைந்தவற்றின் பட்டியலைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார் என்பதற்கு என்னாலானதைச் செய்வேன்.

அம்மாணவியின் கேள்விக்கு விடையும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. ஒரு கரண்டி நீரில் ஒரு துளி வினிகரும் ஒரு சிட்டிகை மஞ்சளும் இடுங்கள். சுண்ணாம்பின் தெளிநீரை அதே துளிக்குழாயால் ஒவ்வொரு துளியாக விட்டுக் கலக்குங்கள். கண்ணுக்குக் காப்பு அணிந்துகொள்ளுங்கள். பதினைந்திலிருந்து இருபது துளிகளுக்குள் ஏதோ ஒரு துளியில் மஞ்சள் நிறம் சிவந்து நிலைக்கும். எந்தத் துளியில் என்று நான் சொல்லப்போவதில்லை. அது வினிகரைப் பொறுத்தது. ஒவ்வொரு மாணவரும் தம் கையால் எண்ணிப் பார்க்கட்டும்.